கண்டதை எழுதுதல்: மசாவோகா ஷிகியும் ஜப்பானின் ஷசேய் மரபும்

ஷசேய் என்பது ஜப்பானில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான எழுத்து முறை. கண்முன் இருப்பதை, அலங்காரமின்றி, கண்டபடியே எழுதுவது இதன் அடிப்படை. ஓவியத்திலிருந்து கவிதைக்கும், கவிதையிலிருந்து உரைநடைக்கும், பின்னர் பள்ளி மாணவர்களின் கட்டுரை நோட்டுகளுக்கும் இது பரவியது. கவிஞரும் பத்திரிகையாளருமான மசாவோகா ஷிகி (1867–1902) இம்முறையை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர்.

அன்றாட அனுபவத்தைக் கூர்ந்து கவனித்து எழுதுவது இன்று மன அமைதிக்கான பயிற்சியாகப் பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. அதற்கு முன்மாதிரியாக ஹைக்கூ கவிதையும், அதன் பின்னணியாக ஜென் பௌத்தமும் சொல்லப்படுவது வழக்கம். ஷசேயின் வரலாறு இதிலிருந்து மாறுபட்டது. அது தியான மண்டபத்தில் பிறக்கவில்லை. ஓவியரின் பென்சிலிலும், நாளிதழ் அலுவலகத்திலும், நோயாளியின் படுக்கையிலும் உருவானது. அதைக் கைக்கொண்ட எல்லோருக்கும் அமைதி கிடைக்கவும் இல்லை. சிலருக்குச் சிறைதான் கிடைத்தது.

தேங்கிய கவிதை

ஷிகி, ஷிகொகு தீவிலுள்ள மத்சுயாமா நகரில் வசதி குறைந்த சாமுராய் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இயற்பெயர் த்சுனெநோரி. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பிறந்த மறு ஆண்டு, 1868-ல், மெய்ஜி ஆட்சி தொடங்கியது. சாமுராய்களின் பழைய உரிமைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மேற்கத்தியக் கல்வி, தொழில், கலை யாவும் நாட்டிற்குள் வந்தன. 1883-ல் ஷிகி படிப்பதற்காக டோக்கியோ சென்றார்.

1889-ல் அவர் இரத்தம் உமிழ்ந்தார். அது காசநோய். அப்போதுதான் 'ஷிகி' என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். குயில் இனத்தைச் சேர்ந்த ஹொதொதொகிசு என்ற பறவையைக் குறிக்கும் சொற்களுள் அதுவும் ஒன்று. அந்தப் பறவை இரத்தம் கக்கும்வரை பாடும் என்பது பழைய நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது 21. மீதமிருந்த 13 ஆண்டுகளையும் இந்த நோயுடனேயே வாழ்ந்தார்.

அக்காலத்தில் 17 அசைக் கவிதை பெரும்பாலும் மாதாந்திரக் கூட்டங்களில் பொழுதுபோக்காக எழுதப்பட்டது. ஆசான் ஒரு தலைப்புக் கொடுப்பார். உறுப்பினர்கள் முன்னோர் சொன்ன உவமைகளையே திருப்பி எழுதுவார்கள். நிலவைப் பார்க்காமலேயே நிலவைப் பற்றி எழுத முடிந்தது. ஷிகி இதனை 'த்சுகினாமி' (மாதாந்திரம்) என்று கேலி செய்தார். ஜப்பானிய மொழியில் இன்று அச்சொல்லுக்குச் 'சலித்துப்போனது' என்ற பொருளும் உண்டு.

1892-ல் பல்கலைக்கழகப் படிப்பைக் கைவிட்டு 'நிப்பொன்' நாளிதழில் சேர்ந்தார். 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பாஷோ மறைந்து 200 ஆண்டுகள் நெருங்கிய 1893-ல், அவருடைய கவிதைகளில் பெரும்பாலானவை தரமற்றவை என்று எழுதிப் பரபரப்பை ஏற்படுத்தினார். பாஷோ அப்போது கோவில் கட்டி வணங்கப்பட்டவர். ஷிகி தாக்கியது அந்த வழிபாட்டைத்தான். பழங்கவிதைகளை அவர் படிக்காமல் ஒதுக்கவில்லை. 1,20,000 அளவிலான கவிதைகளைத் தேடிப் பொருள்வாரியாகப் பகுத்து வைத்தவர் அவர். அவ்வளவையும் படித்ததால்தான் ஒரே உவமை எத்தனை முறை திரும்பி வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தொடர்கவிதையின் முதற்பகுதியாக இருந்த 'ஹொக்கு' தனிக்கவிதையாகி, 'ஹைக்கு' என்ற பெயர் நிலைபெற்றதும் அவராலேயே.

ஓவியர் தந்த பென்சில்

பழையதைக் குறை கூறுவது எளிது. அதற்குப் பதிலாக என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை ஓவியத்திலிருந்து வந்தது. 1876-ல் டோக்கியோவில் அரசு தொடங்கிய கலைப்பள்ளியில் பாடம் நடத்த இத்தாலிய நிலக்காட்சி ஓவியர் அந்தோனியோ ஃபொந்தனேசி வந்தார். வெளியே சென்று, எதிரில் இருப்பதைப் பார்த்து வரைய வேண்டும் என்பது அவர் கற்பித்த முறை. அவருடைய மாணவர்களான அசாய் சூ, கொயாமா ஷோதரோ இருவரிடமும் பயின்றவர் நகமுரா ஃபுசேத்சு.

1894-ல் ஷிகி 'ஷோ நிப்பொன்' என்ற சிறிய நாளிதழின் ஆசிரியரானார். அதற்குப் படம் வரைய வந்தவர் ஃபுசேத்சு. ஜப்பானிய ஓவியமே சிறந்தது என்று ஷிகி வாதிட்டார். ஃபுசேத்சு மேற்கத்திய முறையின் பயனைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாதக்கணக்கில் நீண்ட இந்த வாதத்தில் ஷிகியின் கருத்து மாறியது. கீழை ஓவிய மரபில் ஏற்கெனவே இருந்த 'ஷசேய்' என்ற சொல்லை அவர் கவிதைக்கு எடுத்துக்கொண்டார். 'உயிருள்ளதைப் படியெடுத்தல்' என்பது அதன் நேர்ப்பொருள்.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஷிகி ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, தான் குடியிருந்த நெகிஷிப் பகுதியின் புறத்தே இருந்த வயல்களில் நடந்தார். அறுவடை முடிந்த நிலம், வரப்பு, ஓடை, பூச்சி என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். ஷசேயின் சுவையை இந்த நடைகளில்தான் கண்டுகொண்டதாகப் பின்னாளில் எழுதினார்.

சுருங்கிய உலகம்

1895-ல் சீன-ஜப்பானியப் போர்ச் செய்தியாளராக ஷிகி சீனா சென்றார். அவர் சென்றபோது சண்டை ஓய்ந்திருந்தது. திரும்பும் கப்பலில் மீண்டும் இரத்தம் உமிழ்ந்து கோபே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் மத்சுயாமாவில் ஆசிரியராக இருந்த நண்பர் நத்சுமே சோசேகியின் வீட்டில் 52 நாட்கள் தங்கினார். 1896-ல் காசநோய் முதுகெலும்பைத் தாக்கியிருப்பது உறுதியானது. நடப்பது முதலில் அரிதாகி, பிறகு நின்றேபோனது. முதுகில் புண்கள் உடைந்து சீழ் வடிந்தது.

வயல்வெளியில் கற்ற முறையை ஆறு பாய் விரிக்கும் அளவுள்ள ஓர் அறையில் தொடர வேண்டியதாயிற்று. 1899 டிசம்பரில் சீடர் தகஹாமா கியோஷியின் முயற்சியால் அவ்வறைக்குக் கண்ணாடிக் கதவுகள் பொருத்தப்பட்டன. அதுவரை குளிர்காலத்தில் காகிதக் கதவை மூடினால் வெளியே எதுவும் தெரியாது. கண்ணாடி வந்தபின் படுத்தபடியே சிறிய தோட்டத்தைப் பார்க்க முடிந்தது. கோழிக்கொண்டைப் பூச்செடிகளும் பிற்பாடு பந்தலில் படர்ந்த பீர்க்கங்கொடியும் அவருடைய நிலக்காட்சியாயின.

1900 செப்டம்பரில் அந்தக் கோழிக்கொண்டைச் செடிகள் எத்தனை என்பதைத் தவிர வேறெதுவும் கூறாத ஒரு ஹைக்கூவை அவர் எழுதினார். கியோஷி அதைத் தம் தொகுப்பில் சேர்க்கவில்லை. கவிஞர் சைதோ மொகிச்சி அதை மிக உயர்வாகக் கருதினார். அது கவிதையா, வெறும் எண்ணிக்கையா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

உரைநடையில் ஷசேய்

1900-ல் ஷிகி 'நிப்பொன்' இதழில் எழுதிய 'ஜொஜிபுன்' என்ற கட்டுரை ஷசேயை உரைநடைக்குக் கொண்டுவந்தது. சுமா கடற்கரைக் காட்சி ஒன்றை வெவ்வேறு விதமாக எழுதிக் காட்டி, சொல்லலங்காரம் காட்சியை எப்படி மறைக்கிறது என்பதை விளக்கினார். அவர் சொன்ன விதிகள் சில. மிகைப்படுத்தக் கூடாது. வாசகருக்குத் தானே அங்கு நின்று பார்ப்பது போன்ற உணர்வு வர வேண்டும். கண்டதையெல்லாம் கொட்டிவிடாமல், மையமானதைக் கொண்டு மற்றதைத் தள்ள வேண்டும். ஆகவே ஷசேய் என்பது வெறும் பதிவு அன்று. எதைத் தள்ளுவது என்ற முடிவில்தான் எழுதுபவரின் படைப்புத்திறன் இருக்கிறது.

அதே ஆண்டு அவருடைய படுக்கையைச் சுற்றி 'யமகாய்' (மலைக்கூட்டம்) என்ற வாசிப்புக் கூட்டங்கள் தொடங்கின. கட்டுரைக்கு ஒரு 'மலை', அதாவது ஓர் உச்சம், இருக்க வேண்டும் என்று ஷிகி சொன்னதால் வந்த பெயர் இது. ஒருவர் எழுதியதை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள்.

1897-ல் மத்சுயாமாவில் தொடங்கி, மறு ஆண்டு டோக்கியோவுக்கு மாறிய 'ஹொதொதொகிசு' இதழ் இம்முறையை வாசகர்களிடம் கொண்டுசென்றது. ஒரு நாளின் நிகழ்ச்சிகளையோ ஒரு வார நாட்குறிப்பையோ எழுதி அனுப்பும்படி அது வாசகர்களைக் கேட்டது. எழுத்தாளர் அல்லாத பலரின் சாதாரண நாட்கள் அச்சில் வந்தன. தன் நாளும் எழுதத் தக்கதே என்று ஒரு வாசகர் எண்ணுவதற்கு இது இடமளித்தது.

ஆறடிப் படுக்கை

1901 ஜனவரி 16 முதல் ஜூலை 2 வரை 'நிப்பொன்' இதழில் 'பொகுஜூ இத்தெகி' (ஒரு துளி மை) என்ற தொடரை ஷிகி எழுதினார். 164 பகுதிகள். முதல் பகுதியே படுக்கையருகே இருந்த புத்தாண்டு அலங்காரத்தையும், மூன்று அங்குல அளவிலான ஒரு சிறிய பூவுருண்டையையும் விவரித்தது. திரும்பிப் படுக்கவே பிறர் உதவி தேவைப்பட்டவரின் தலைமாட்டில் உலகம் அந்த அளவில் இருந்தது.

1901 செப்டம்பரில் 'கியோகா மன்ரொகு' என்ற தனிப்பட்ட நாட்குறிப்பைத் தொடங்கினார். ஒவ்வொரு வேளையும் எத்தனை கிண்ணம் சோறு, என்ன மீன், பாலில் கோகோ கலந்ததா, எத்தனை இனிப்பு ரொட்டி என்பதெல்லாம் அதில் உள்ளன. புண்ணுக்குக் கட்டு மாற்றிய நேரம், மலம் கழித்தது, வலியில் கதறியது, இறந்துவிடலாமா என்று எண்ணியது ஆகியவையும் அதே நிதானத்தில் பதிவாகியுள்ளன.

கவனிப்பின் கடினமான பக்கமும் இந்த நாட்குறிப்பிலேயே தெரிகிறது. தங்கை ரித்சு நாள்தோறும் அவருடைய புண்களைத் துடைத்துக் கட்டு மாற்றினார், சமைத்தார், துவைத்தார், செயலாளரைப் போல அவருடைய தாள்களையும் ஒழுங்குபடுத்தினார். அவர் இரக்கமற்றவர், சொன்னதை மட்டும் செய்பவர் என்று ஷிகி கடுமையாக எழுதினார். அதே பக்கங்களில், தங்கை நோயுற்றால் தன் நிலை என்னவாகும், அவருக்கு ஈடாக ஒரு செவிலியரை எங்கே தேடுவது என்றும் எழுதினார். மிகச்சிறிய பூவையும் கவனித்தவருக்குத் தன் அருகிலேயே உழைத்தவரை நியாயமாகப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. ஆனால் தன் கோபத்தையும் அவர் அழிக்காமல் விட்டதால்தான் ரித்சுவின் உழைப்பு இன்று வாசகருக்குத் தெரிகிறது. அண்ணனின் மறைவுக்குப் பின் ரித்சு பெண்கள் தொழிற்பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியையாகப் பணியாற்றினார்.

1902 மே 5-ல் கடைசித் தொடரான 'பியோஷோ ரொகுஷகு' தொடங்கியது. 'ஆறடி நோய்ப்படுக்கை' என்று பொருள். தமிழில் ஆறடி என்றால் புதைகுழியே நினைவுக்கு வரும். ஷிகி தன் படுக்கையின் அந்த ஆறடியே தனக்குப் பெரிது என்ற நிலையில் இருந்தார். அவருக்குச் சிரமம் வேண்டாமென்று நாளிதழ் ஒருநாள் தொடரை வெளியிடாமல் விட்டது. காலையில் பத்திரிகையைத் திறந்து ஏமாந்த ஷிகி, அந்தப் பத்திதான் தன் உயிர் என்று ஆசிரியர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் தொடர் தடையின்றி வந்தது. மொத்தம் 127 பகுதிகள்.

ஜென் ஞானம் என்பது எந்நேரமும் கலங்காமல் சாகத் தெரிவது என்று தான் தவறாக எண்ணியிருந்ததையும், எந்நிலையிலும் கலங்காமல் வாழ்வதே அது என்று இப்போது படுவதையும் அத்தொடரில் குறிப்பிட்டார். இந்த முடிவுக்கு அவர் தியானத்தின் வழியாக வரவில்லை. வலியோடு அன்றன்றைய பத்தியை எழுதி முடிக்க வேண்டிய கட்டாயத்தின் வழியாக வந்தார். வலி குறைக்க மார்ஃபின் எடுத்துக்கொண்ட அந்தக் கோடையில், ஃபுசேத்சு தந்துவிட்டுப் போயிருந்த வண்ணங்களைக் கொண்டு பழங்களையும் பூக்களையும் பார்த்து வரைந்தார்.

தொடரின் கடைசிப் பகுதி செப்டம்பர் 17-ல் வெளிவந்தது. 18-ஆம் தேதி காலை, பலகையில் ஒட்டிய தாளைப் பிறர் பிடித்துக்கொள்ள, மூன்று ஹைக்கூ எழுதினார். மூன்றும் பீர்க்கு பற்றியவை. பீர்க்கங்கொடியின் தண்டை அறுத்து வடியும் நீரைச் சேகரித்துச் சளிக்கு மருந்தாகக் கொடுப்பது அங்கு வழக்கம். 19-ஆம் தேதி அதிகாலையில் ஷிகி இறந்தார். அந்த நாள் 'பீர்க்கு நினைவுநாள்' என்றே அழைக்கப்படுகிறது.

வகுப்பறைக்கு வந்த ஷசேய்

ஷிகி இறந்தபோது சோசேகி இலண்டனில் இருந்தார். நாடு திரும்பியபின் அவர் எழுதிய நகைச்சுவைப் படைப்பு ஒன்று 1904 டிசம்பரில் யமகாய் கூட்டத்தில் படிக்கப்பட்டது. அது 1905-ல் 'ஹொதொதொகிசு'வில் வெளிவந்து, 'நான் ஒரு பூனை' என்ற நாவலாக வளர்ந்தது. இதன்பின் ஷசேய் இரு வழிகளில் சென்றது. கியோஷியின் வழி பூவும் பறவையும் பருவங்களுமாக இயற்கையோடு நின்றது. மற்றொரு வழி மனித வாழ்க்கையை நோக்கித் திரும்பியது.

சோசேகியின் சீடரான சுசுகி மியெகிச்சி 1918-ல் 'அகாய் தொரி' (சிவப்புப் பறவை) என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். மாதிரிக் கட்டுரைகளைப் பார்த்து எழுதாமல், கண்டதையும் கேட்டதையும் தங்கள் பேச்சு மொழியிலேயே எழுதும்படி குழந்தைகளைத் தூண்டினார். வந்தவற்றில் சிறந்தவற்றைத் தம் கருத்துரையுடன் வெளியிட்டார்.

அன்றைய ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் பாடநூல்கள் அரசால் தயாரிக்கப்பட்டன. கட்டுரைப் பாடமான 'த்சுசுரிகதா'வுக்கு மட்டும் அரசுப் பாடநூல் கிடையாது. ஆசிரியருக்கு ஓரளவு சுதந்திரம் இருந்த இந்த இடத்தில்தான் 'வாழ்க்கைக் கட்டுரை' இயக்கம் வளர்ந்தது. 1930-களில் வடகிழக்கு ஜப்பானில் விளைச்சல் பொய்த்து, கிராமங்களில் பசி நிலவியது. அங்கு தன் வீட்டைப் பார்த்து உள்ளபடி எழுது என்று குழந்தையிடம் சொன்னால், அது கடனையும் பசியையும் அப்பாவின் கூலியையும்தான் எழுதும். ஆசிரியர்கள் அந்தக் கட்டுரைகளைக் கையச்சில் பெருக்கி, வகுப்பில் படித்து, ஏன் இப்படி இருக்கிறது என்று மாணவர்களுடன் விவாதித்தார்கள்.

அரசு இதை அச்சுறுத்தலாகப் பார்த்தது. 1940 பிப்ரவரியில் யமகதா மாகாணத்தில் முரயாமா தொஷிதரோ என்ற ஆசிரியர் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டின் இறுதியிலிருந்து ஹொக்கைதோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டனர். குழந்தைகள் தம் வீட்டில் கண்டதை எழுதப் பழக்கியது பொதுவுடைமைப் பிரசாரமாகக் கருதப்பட்டது.

போருக்குப் பின் யமகதாவின் ஒரு மலைக்கிராமத்தில் முச்சாகு செய்கியோ என்ற இளம் ஆசிரியர் இம்மரபைத் தொடர்ந்தார். அவருடைய நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 'கிகன்ஷா' (இரயில் எஞ்சின்) என்ற வகுப்பு இதழில் தங்கள் வாழ்க்கையை எழுதினர். தாய் இறந்தபின் குடும்பத்தின் வரவு செலவைக் கணக்கிட்டு ஒரு மாணவர் எழுதிய கட்டுரை 1950-ல் கல்வியமைச்சர் பரிசு பெற்றது. 43 மாணவர்களின் எழுத்துகள் 1951-ல் 'யமபிகோ கக்கோ' (எதிரொலிப் பள்ளி) என்ற நூலாக வந்து நாடு முழுவதும் வாசிக்கப்பட்டன. கிராமத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஊரின் வறுமையை வெளியே சொல்லி மானத்தை வாங்கிவிட்டார் என்ற மனக்குறை எழுந்தது. 1954-ல் முச்சாகு அந்தக் கிராமத்தை விட்டுச் சென்றார்.

தமிழில்

ஜப்பானியக் குறுங்கவிதையைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தியவர் சுப்பிரமணிய பாரதியார். 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் அவர் எழுதிய கட்டுரை இதன் தொடக்கம். 1984-ல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' ஆகிய ஹைக்கூத் தொகுப்புகள் வெளிவந்தபின் அவ்வடிவம் தமிழில் பரவலானது. தமிழில் இன்று புழங்கும் 'ஹைக்கூ' என்ற பெயர் ஷிகி நிலைநிறுத்திய பெயரே.

மதிப்பீடு

ஷசேய்க்குத் தேவையான கருவிகள் மிகக் குறைவு. ஒரு பென்சில், ஒரு தாள், பார்க்க ஒரு சிறிய இடம். ஆனால் எதிரில் இருப்பதை மறைக்காமல் பார்ப்பதென்று முடிவெடுத்தபின், பூவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. ஷிகிக்கு அது தன் புண்ணையும் தங்கையின் உழைப்பையும் காட்டியது. வடகிழக்குக் கிராமத்துக் குழந்தைகளுக்கு வீட்டின் கடனைக் காட்டியது. ஒரே கவனிப்புதான் அறைக்குள் ஒருவரை உயிரோடு வைத்திருந்தது. அறைக்கு வெளியே ஆசிரியர்களைச் சிறைக்கு அனுப்பியது.

ஷிகி வாழ்ந்த நெகிஷி வீடு 1945 குண்டுவீச்சில் எரிந்தது. 1950-ல் அதே இடத்தில் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டது. 'ஷிகி-அன்' என்ற பெயரில் பார்வையாளர்களுக்காகப் பேணப்படும் அவ்வீட்டில், அவர் படுத்திருந்த அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இன்றும் பீர்க்கு படர்கிறது.